சார்காய்டோசிஸ்: முடிச்சு ஒன்றுதான், இடம்தான் வேறு

வேலையில் சேர்வதற்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேயில், ஒருவருக்கு நுரையீரல்களின் வேர்ப்பகுதியில் இரண்டு பக்கமும் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருப்பது தெரிகிறது. அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. இன்னொருவருக்குக் கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசுகிறது. மூன்றாமவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இதயத்துடிப்பு திடீரென்று தாழ்ந்துபோய் மயங்கி விழுகிறார், பேஸ்மேக்கர் பொருத்துகிறார்கள். நான்காமவருக்குச் சிறுநீரகத்தில் திரும்பத் திரும்பக் கல். நால்வரும் நான்கு துறை மருத்துவர்களிடம் போவார்கள். நால்வருக்கும் இருப்பது ஒரே நோயாக இருக்கலாம். அதன் பெயர் சார்காய்டோசிஸ்.

பல உறுப்புகளைத் தாக்கும் நாள்பட்ட அழற்சி நோய் என்று இதைச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்த வரையறை பயமுறுத்துகிற அளவுக்கு எதையும் விளக்குவதில்லை. இந்த நோய் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தானாகவே அடங்கிவிடுகிறது. பத்தில் ஒன்று முதல் மூன்று பேர் வரை அது நீடித்து, உறுப்பைத் தழும்பாக்கி, ஆளைப் படுத்துகிறது. சிறு பகுதியினர் இறந்தும் போகிறார்கள். ஒரே நோய்க்கு இத்தனை முகம் எப்படி? நோய் உடலில் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைவிட எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் பதில்.

காலியான முற்றுகை

அழிக்கவும் முடியாத, வெளியேற்றவும் முடியாத ஏதோ ஒன்று உடலுக்குள் வந்துவிட்டால், நம் எதிர்ப்பு மண்டலத்திடம் ஒரு பழைய உத்தி இருக்கிறது. சுற்றி வளைத்து அடைத்துவிடும். மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் செல்கள் அந்த இடத்தில் நெருக்கமாகக் கூடி உருமாறுகின்றன. சில ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்களாகின்றன. வெளிவட்டத்தில் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள், குறிப்பாக சிடி4 வகை, வந்து நிற்கின்றன. டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் காமா போன்ற வேதித் தூதுவர்கள் இந்தக் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்கின்றன. இப்படி உருவாகும் நுண்ணிய முடிச்சுக்குக் கிரானுலோமா என்று பெயர்.

காசநோயிலும் இதே முடிச்சுதான். அங்கே நடுவில் கிருமி இருக்கும். மையப்பகுதி செத்து, பாலாடைக்கட்டிபோல் உதிரும். சார்காய்டோசிஸ் முடிச்சில் மையம் பொதுவாகச் சாவதில்லை. கிருமியைத் தேடினாலும் கிடைப்பதில்லை. ஊரைச் சுற்றி வளைத்தாயிற்று, உள்ளே திருடனைக் காணோம்.

திருடன் யார் என்ற தேடலுக்கு நூறாண்டுக்கும் மேல் வயது. 1941இல் நார்வே மருத்துவர் மார்ட்டன் குவைம் ஒரு விசித்திரமான சோதனையை விவரித்தார். நோயாளியின் நிணநீர்க் கணுத் திசுவைச் சூடாக்கி, அதன் கரைசலை வேறொரு சார்காய்டோசிஸ் நோயாளியின் தோலில் ஊசியால் ஏற்றினால், சில வாரங்களில் அந்த இடத்திலும் கிரானுலோமா முளைத்தது. ஒருவரின் திசு வழியாக இன்னொருவருக்குத் தொற்று பரவலாம் என்ற அச்சத்தால் அந்தச் சோதனை பின்னாளில் கைவிடப்பட்டது. ஆனால் அது சொல்லிச் சென்ற செய்தி முக்கியமானது: முடிச்சைத் தூண்ட உயிருள்ள கிருமி தேவையில்லை, எதனுடைய எச்சமாவது போதும். அந்த எச்சம் காசநோய்க் குடும்பத்துக் கிருமிகளின் புரதத் துணுக்காக இருக்கலாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் முகப்பருவோடு தொடர்புடைய பாக்டீரியாவைக் கைகாட்டுகிறார்கள். அப்படியானால் காசநோய்க் கிருமிக்கு எதிரான மருந்துகளைக் கொடுத்தால் சரியாகுமா? அமெரிக்காவில் அப்படிப்பட்ட ஒரு மருந்துக் கூட்டைக் கொடுத்துச் சோதித்தார்கள். நுரையீரலின் திறன் மேம்படவில்லை.

கிருமி மட்டும்தான் காரணமாக வேண்டும் என்றும் இல்லை. 1946இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சேலம் நகரின் குழல்விளக்குத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சார்காய்டோசிஸைப் போலவே ஒரு நுரையீரல் நோயை ஹேரியட் ஹார்டி என்ற மருத்துவர் பதிவுசெய்தார். காரணம் பெரிலியம் என்ற உலோகத் தூசு. இன்றும் பெரிலியம் நோயின் திசுவையும் சார்காய்டோசிஸ் திசுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நுண்ணோக்கியில் பிரித்தறிய முடியாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு இடிபாட்டுத் தூசியில் வேலை செய்த நியூயார்க் தீயணைப்பு வீரர்களிடமும் இதைப் போன்ற கிரானுலோமா நோய் வழக்கத்தைவிட அதிகமாகத் தென்பட்டது. அதனால் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவதை விட்டுவிட்டார்கள். மரபணுவால் ஏற்கெனவே நாட்டம் உள்ள உடல், அதன்மேல் ஏதோ ஒரு தூண்டுதல் என்பதே இப்போதைய புரிதல். நோயாளிகளின் உடன்பிறந்தோருக்கும் பெற்றோருக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடமும் இது அதிகம். தொற்றிக்கொள்ளும் நோய் அல்ல. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், காசநோயோடு குழப்பிக்கொண்டு தட்டையும் டம்ளரையும் பிரித்துவைக்கும் வீடுகள் இருப்பதுதான்.

இந்த நோய் உறுப்பினுடையது அல்ல என்பதற்கு உறுப்புமாற்று சிகிச்சை ஒரு சாட்சி. சார்காய்டோசிஸால் தழும்பேறிப்போன நுரையீரலை எடுத்துவிட்டு, கொடையாகக் கிடைத்த நுரையீரலைப் பொருத்தினால், சிலருக்குப் புதியதிலும் முடிச்சுகள் வருகின்றன. அந்த முடிச்சுகளின் செல்கள் யாருடையவை என்று சோதித்தபோது, நுரையீரலைப் பெற்றுக்கொண்டவருடையவை என்று தெரிந்தது. வீட்டை மாற்றினாலும் குடியிருப்பவர் அதே ஆள்தான். (நல்லவேளையாக, அப்படித் திரும்பி வருவது பெரும்பாலும் புதிய நுரையீரலைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.)

எங்கே உட்காருகிறது?

இந்த நோயை முதலில் பார்த்தவர்கள் தோல் மருத்துவத்தில் நாட்டம் கொண்டவர்கள். 1877இல் லண்டனில் ஜானதன் ஹட்சின்சன், 1889இல் பாரிஸில் எர்னெஸ்ட் பெனியே, 1899இல் நார்வேயில் சீசர் பெக். ஆளுக்கொரு தோல் நோயை விவரித்தார்கள். கண் மருத்துவர்கள் கண்ணில் வேறொன்றைக் கண்டார்கள். இவை எல்லாம் ஒன்றே, முழு உடலின் நோய் என்று அழுத்திச் சொன்னவர் ஸ்வீடனின் யோர்கன் ஷவ்மன். அப்புறம் மார்பு எக்ஸ்ரே பரவலானது. காசநோயைத் தேடி ஆரோக்கியமான இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் படம் எடுத்தபோது, ஒரு தொந்தரவும் இல்லாமல் வீங்கிய கணுக்களோடு நடமாடியவர்கள் வெளிப்பட்டார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்து எழுதப்பட்ட நோயின் குணச்சித்திரம் அதோடு மாறியது.

நூறு நோயாளிகளில் தொண்ணூறு பேருக்கும் மேல் நுரையீரலோ அதன் நடுவிலுள்ள கணுக்களோ பாதிக்கப்பட்டிருக்கும். வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், நெஞ்சில் இறுக்கம் என்று வரலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். எக்ஸ்ரேயை வைத்து நிலைகளாகப் பிரிப்பது 1961இல் பிரிட்டனின் ஸ்கேடிங் கொண்டுவந்த முறை. கணுக்கள் மட்டும் வீங்கியிருந்தால் முதல் நிலை. நுரையீரலில் தழும்பேறிவிட்டால் நான்காம் நிலை. ரிப்போர்ட்டில் ‘இரண்டாம் நிலை’ என்று பார்த்ததும் புற்றுநோயை நினைத்துக்கொண்டு கலங்குபவர்கள் உண்டு. இது அந்தக் கணக்கு அல்ல. முதல் நிலையில் இருப்பவர் படிப்படியாக ஏறி நான்குக்குப் போயாக வேண்டும் என்றில்லை. முதல் நிலையில் இருப்பவர்களில் 55 முதல் 90 சதவீதம் பேருக்கு நோய் தானாகவே அடங்குகிறது. கணுக்கள் வீங்காமல் நுரையீரலில் மட்டும் பாதிப்பு தெரியும் மூன்றாம் நிலையில் அது 10 முதல் 20 சதவீதம்தான்.

கல்லீரலை எடுத்துக்கொள்ளுங்கள். திசுவை எடுத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கும் மேல் அங்கே கிரானுலோமா இருக்கும். பெரும்பாலோருக்கு அதனால் எந்தச் சங்கடமும் வருவதில்லை. சும்மா இருந்துவிட்டுப் போகிறது. அதே முடிச்சு இதயத்தின் மின்கடத்தும் பாதையில் ஒரு சிறு இடத்தைப் பிடித்தால் கதையே வேறு. மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பின் சமிக்ஞை போகாமல் நின்றுவிடும். அல்லது கீழறையில் தாறுமாறான வேகத்துடிப்பு கிளம்பி, உயிரை நிமிடங்களில் பறித்துவிடும். வாழும்போது இதய பாதிப்பு கண்டுபிடிக்கப்படுவது ஏறக்குறைய 5 சதவீதம் நோயாளிகளிடம். இறந்தபின் உடலைப் பரிசோதித்த ஆய்வுகளில் அது 25 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நடுவில் உள்ள அந்த இடைவெளிதான் இந்த நோயைக் கவனிக்கும் மருத்துவர்களின் கவலை. மேற்கு நாடுகளில் சார்காய்டோசிஸால் இறப்பவர்களுக்கு நுரையீரல் செயலிழப்பே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. ஜப்பானில் இதயம்தான் முதல் காரணம். எனவே இந்த நோய் உள்ள ஒருவர் “படபடக்கிறது”, “கண் இருட்டிக்கொண்டு வந்தது” என்று சொன்னால் அதைப் பதற்றம் என்று தள்ளிவிடக் கூடாது. அறுபது வயதுக்குள் உள்ள ஒருவருக்குக் காரணம் புரியாத இதய மின்தடை வந்தால், பேஸ்மேக்கர் வைத்ததோடு நிறுத்தாமல் சார்காய்டோசிஸ் இருக்கிறதா என்று தேட வேண்டும் என்கின்றன இதயத்துடிப்பு வல்லுநர்களின் வழிகாட்டுதல்கள்.

இதயத்தில் அழற்சி இருக்கிறதா என்று காட்ட எம்ஆர்ஐயும் பெட் ஸ்கேனும் உதவுகின்றன. பெட் ஸ்கேனுக்கு முன் மாவுச்சத்தே இல்லாத, கொழுப்பு மிகுந்த உணவைச் சாப்பிடச் சொல்லி, பிறகு நீண்ட நேரம் பட்டினி போடுவார்கள். ஏன் இந்தப் பாடு என்று நோயாளிகள் சலித்துக்கொள்வார்கள். ஸ்கேனில் ஒளிர்வது, அழற்சி உள்ள இடம் உறிஞ்சும் சர்க்கரை. ஆரோக்கியமான இதயத் தசையும் சர்க்கரையை உறிஞ்சும். அதைக் கொழுப்பின் பக்கம் திருப்பிவிட்டால்தான் அழற்சி உள்ள இடம் மட்டும் தனியாகத் தெரியும். முந்தைய இரவு திருட்டுத்தனமாக ஒரு பிஸ்கட் சாப்பிட்டாலும் படம் கெட்டுப்போகலாம்.

கண்ணில் வந்தால் நடு அடுக்கில் அழற்சி. சிலருக்கு வலியோ சிவப்போ இல்லாமலே உள்ளே பாழாகிக்கொண்டிருக்கும். அதனால் நோய் உறுதியானவுடன், கண்ணில் குறையே இல்லாவிட்டாலும் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது வழக்கம். நரம்பில் வந்தால் முகவாதம் அடிக்கடி காணப்படுவது. அது பெரும்பாலும் தேறிவிடும். தோலில் வருபவை பலவகை. பழைய வெட்டுத் தழும்பும் பச்சை குத்திய இடமும் பல ஆண்டுகள் கழித்துத் திடீரென்று தடித்துச் சிவப்பது இந்த நோயின் விநோதங்களில் ஒன்று. கால்களில் தோன்றும் வலிக்கும் சிவப்புக் கட்டிகள் வேறு ரகம். அவற்றோடு காய்ச்சல், கணுக்கால் வீக்கம், மார்பில் வீங்கிய கணுக்கள் எல்லாம் சேர்ந்து அதிரடியாக வந்தால் அதற்கு லோஃப்கிரென் நோய்க்குறித்தொகுதி என்று பெயர். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். உண்மையில் நல்ல சகுனம். எதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்புடைய எச்எல்ஏ மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வகை உள்ளவர்களுக்கு இப்படி ஆரம்பித்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது என்று ஸ்வீடன் ஆய்வுகள் காட்டியுள்ளன. மாறாக, மூக்கிலும் கன்னத்திலும் சத்தமில்லாமல் ஊதா நிறத்தில் படரும் தடிப்புகள் லேசில் போவதில்லை.

வைட்டமின் டி என்ற பொறி

சிறுநீரகக் கல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வைட்டமின் டி உடலில் வேலை செய்ய வேண்டுமென்றால் கடைசியாக ஒரு மாற்றம் நடக்க வேண்டும். வழக்கமாக அதைச் செய்வது சிறுநீரகம், அதுவும் உடலின் தேவையைப் பார்த்து அளவாக. கிரானுலோமாவில் உள்ள மேக்ரோஃபேஜ்களும் அந்த மாற்றத்தைச் செய்யத் தெரிந்தவை. அவற்றுக்கு அளவு கிடையாது. விளைவாக, குடல் தேவைக்கு மேல் கால்சியத்தை உறிஞ்சுகிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது, சிறுநீரில் வழிகிறது, கல்லாகிறது, சிலருக்குச் சிறுநீரகமே பழுதாகிறது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆய்வகங்கள் வழக்கமாக அளப்பது மாற்றத்துக்கு முந்தைய வடிவத்தை. சார்காய்டோசிஸில் அது வேகமாகச் செலவாகிவிடுவதால் ரிப்போர்ட்டில் ‘வைட்டமின் டி குறைவு’ என்று வருகிறது. உடல் அசதியும் சேர்ந்திருக்கும். உடனே அதிக அளவு வைட்டமின் டி மாத்திரை எழுதப்படும், கூடவே கால்சியமும். எரிகிற அடுப்பில் எண்ணெய்தான். ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு எலும்பைக் காக்க இந்த மாத்திரைகளைக் கொடுப்பது பழக்கமாகிவிட்டதால், வேறு துறை மருத்துவரிடம் போகும்போது இது இன்னும் எளிதாக நடக்கிறது. இந்த நோய் உள்ளவர்கள் வைட்டமின் டியைத் தொடவே கூடாது என்பதில்லை. கொடுப்பதற்கு முன் இரண்டு வடிவங்களையும் அளந்து பார்க்கவும், ரத்தக் கால்சியத்தைக் கவனிக்கவும் வேண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல, அவ்வளவுதான்.

காசநோயா, இதுவா?

சார்காய்டோசிஸை உறுதிசெய்ய ஒற்றைச் சோதனை கிடையாது. ரத்தத்தில் ஏசிஇ என்ற நொதி கூடியிருப்பதைப் பார்ப்பார்கள். நோய் உள்ள பலருக்கு அது இயல்பாக இருக்கும். நோயே இல்லாத சிலருக்குக் கூடியிருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்பவர்களை நம்பாமல் இருப்பது நல்லது. மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்: பொருத்தமான உடல்நிலைச் சித்திரம், திசுவில் மையம் சாகாத கிரானுலோமா, இதே முடிச்சை உண்டாக்கும் மற்ற நோய்கள் இல்லை என்ற உறுதி. லோஃப்கிரென் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாத சில தருணங்களில் மட்டும் திசுப் பரிசோதனையைத் தவிர்ப்பார்கள். இப்போது மூச்சுக்குழாய்க்குள் அல்ட்ராசவுண்ட் பொருத்திய குழாயை விட்டு, மார்புக் கணுக்களிலிருந்து ஊசியால் திசு எடுக்க முடிகிறது. முன்புபோல் அறுவை செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது விஷயம்தான் கடினம். காசநோய், பூஞ்சைத் தொற்று, நிணநீர்ப் புற்றுநோய், பெரிலியம், சில மருந்துகள் எனப் பட்டியல் நீளம். காசநோய் மிகுந்த நாடுகளில் பலர் சார்காய்டோசிஸ் என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இதில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. தானாக அடங்கும் நோய் என்பதால் அந்த ஆறு மாதத்தில் அதுவாகவே அடங்கிவிட்டால், மாத்திரை வேலை செய்தது, எனவே காசநோய்தான் என்று ஆகிவிடுகிறது. இந்த நோயை ‘குணப்படுத்திய’ மூலிகைகள், உணவுமுறைகள் பலவற்றுக்கும் இதே இயல்புதான் பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறது என்பது என் சந்தேகம். எதிர்த்திசையில் தவறினால் விலை அதிகம்: உண்மையில் காசநோயாக இருப்பதற்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். காசநோய்க்கான தோல் ஊசிச் சோதனையும் கைகொடுக்காமல் போகலாம். கிருமி உடலில் இருந்தாலும் சார்காய்டோசிஸ் உள்ளவருக்குத் தோல் தடிக்காமல் போவதுண்டு. நுரையீரலில் டி செல்கள் குவிந்துகிடக்க, தோலில் எதிர்வினை மங்கிப்போகிறது.

மருந்து யாருக்கு?

கண்டுபிடித்தவுடன் மருந்து என்பது இங்கே விதி அல்ல. உறுப்புக்கோ உயிருக்கோ ஆபத்து இருக்கிறதா, அன்றாட வாழ்க்கை பாதிக்கப்படுகிறதா? இந்த இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் சில மாத இடைவெளியில் பார்த்துக்கொண்டிருப்பதே சிகிச்சை. நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மருந்து எழுதாமல் அனுப்பும் மருத்துவர்மேல் கோபம் வருவது இயல்பு. ஆனால் தானாகப் போகவிருந்த ஒன்றுக்காக ஓராண்டு ஸ்டீராய்டு சாப்பிட்டுச் சர்க்கரையும் எடையும் ஏறியவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

இதயம், மூளை, பார்வை, ஏறிக்கொண்டே போகும் கால்சியம், திறன் குறையும் நுரையீரல் என்றால் காத்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டுதான் முதலில் நினைவுக்கு வரும், வேகமாகவும் கேட்கும். எவ்வளவு கொடுப்பது என்பதில் இப்போது கை சுருங்கி வருகிறது. சண்டிகரில் நடந்த ஓர் ஆய்வில் நுரையீரல் பாதிப்புக்கு ஒரு குழுவுக்கு 40 மில்லிகிராம் ப்ரெட்னிசலோனிலும் இன்னொரு குழுவுக்கு 20 மில்லிகிராமிலும் ஆரம்பித்தார்கள். நோய் திரும்புவதில் கூடுதல் அளவுக்கு எந்த ஆதாயமும் தெரியவில்லை. 2025இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. நுரையீரல் சார்காய்டோசிஸுக்கு முதல் மருந்தாகவே, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். 24 வாரத்தின் முடிவில் அது ஸ்டீராய்டுக்குக் குறைந்ததாக இல்லை. ஸ்டீராய்டு சீக்கிரம் கேட்டது, எடையையும் பசியையும் தூக்கமின்மையையும் கூட்டியது. மெத்தோட்ரெக்சேட் மெதுவாக வந்தது. குமட்டலும் கல்லீரல் சோதனை மாறுபாடும் அதன் பக்கத்தில் அதிகம். மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒரு முறைதான் சாப்பிட வேண்டும். தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு, கிழமையைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதை எடுக்கக் கூடாது.

இவை போதாதபோது டிஎன்எஃபைக் கட்டும் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. காசநோய் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தால் அவை எழுப்பிவிடும் என்பதால் முன்சோதனை கட்டாயம். அதே டிஎன்எஃபைக் கட்டும் எட்டனெர்செப்ட் என்ற மருந்து சார்காய்டோசிஸில் உதவவில்லை. மூட்டுவாதத்துக்காக அதை எடுத்துக்கொண்ட சிலருக்குப் புதிதாகக் கிரானுலோமா வந்திருக்கிறது. புற்றுநோய்க்கு எதிராக எதிர்ப்பு மண்டலத்தின் தடையை நீக்கும் புதுவகை மருந்துகளும் சிலருக்கு இதே முடிச்சுகளைக் கொண்டுவருகின்றன. இது நோயாளிக்குத் தேவையில்லாத தகவல்போலத் தோன்றலாம். புற்றுநோய் சிகிச்சையின் நடுவில் ஸ்கேனில் புதிய கணுக்கள் ஒளிர்ந்தால், புற்று பரவிவிட்டது என்று முடிவுகட்டாமல் திசுவை எடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எந்த மருந்தாக இருந்தாலும் அது அழற்சியைத்தான் அடக்கும். ஏற்கெனவே விழுந்த தழும்பை அழிக்காது. இதய முடிச்சுகள் மருந்தில் கரைந்த பின்னும் தழும்பிலிருந்து ஆபத்தான துடிப்பு கிளம்பலாம். அதனால்தான் நோய் அடங்கிய பின்னும் சிலருக்கு, ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்த உள்ளே பொருத்திய கருவி அப்படியே இருக்கிறது.

ஸ்கேன், ரத்தம், மூச்சுத்திறன் எல்லாம் சீரான பிறகும் போகாத ஒரு தொந்தரவு உண்டு: அசதி. தூங்கி எழுந்தாலும் தீராத, ஒரு வேலை செய்தால் மறுநாள் முழுக்கப் படுக்கவைக்கும் அசதி. பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகள் இதைச் சொல்கிறார்கள். ரிப்போர்ட் நன்றாக இருப்பதால் வீட்டிலும் அலுவலகத்திலும் நம்ப ஆளிருக்காது. சிலருக்குத் தோலின் நுண்நரம்புகள் பாதிக்கப்பட்டு எரிச்சலும் குத்தலும் சேர்ந்து வரும். வழக்கமான நரம்புச் சோதனையில் அது பிடிபடாது. இந்த அசதிக்காக ஸ்டீராய்டைக் கூட்டுவது பெரும்பாலும் வீண், தூக்கத்தைக் கெடுத்து அசதியை அதிகமாக்கவும் கூடும். மேற்பார்வையுடன் மெல்ல மெல்லக் கூட்டும் உடற்பயிற்சி பலருக்குப் பயன்படுகிறது. குறட்டையும் தூக்க மூச்சுத்தடையும், தைராய்டும், மனச்சோர்வும் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பதும் வீண்போவதில்லை.

மருந்தை நிறுத்திய பின் நோய் திரும்பினால் அது பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான். அந்தக் காலத்தில் மூச்சுத்திறன் சோதனை, ரத்தக் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஈசிஜி ஆகியவற்றை விடாமல் பார்ப்பார்கள். முதலில் நுரையீரலில் வந்தவருக்குத் திரும்பும்போதும் பெரும்பாலும் அங்கேதான் வரும். எப்போதாவது வேறிடத்தில் தலைகாட்டும் என்பதால், பல் மருத்துவரோ எலும்பு மருத்துவரோ, யாரிடம் போனாலும் இந்த நோய் இருந்தது என்று ஒரு வரி சொல்லிவைக்க வேண்டும்.